எழுதினால் வீடியோ வரும் என்றார்கள், 13,046 ரூபாய் போனதுதான் மிச்சம்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்தில் விவரித்தால் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) வைத்து வீடியோ செய்து தருவதாகச் சொன்ன ஒரு தளத்துக்குப் பணம் கட்டி ஏமாந்தேன். இன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவர்களிடமிருந்து கடைசிப் பதில் வந்தது. "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டு மூடப்பட்டது." எதைத் தீர்த்தார்கள்? என் 13,046 ரூபாய் அவர்களிடம் இருக்கிறது. என்னிடம் எதற்கும் உதவாத எட்டு வீடியோ துண்டுகள் இருக்கின்றன.

சின்னாளபட்டியில் வீட்டில் வைத்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். பெரும்பாலும் வாட்ஸ்அப் வியாபாரம்தான். பிரிண்ட் சேலைதான் அதிகம் ஓடும். ஆனால் நான் ஆசையாக எடுத்துக் காட்டுவது கையால் முடிச்சுப் போட்டதை. துணியைக் கடுகளவு கிள்ளி, நூலால் இறுக்கிச் சுற்றி, சாயத்தில் முக்கி, காயவைத்து, முடிச்சைப் பிரித்தால் அந்த இடம் மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. மதுரைச் சுங்குடிக்கு 2005லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் கைமுடிச்சுக்கும் பிரிண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் பாதிப் பேர் விலை கேட்கிறார்கள். அதை ஒரு நிமிஷ வீடியோவில் காட்டிவிட்டால் தீபாவளி வியாபாரத்துக்கு உதவும் என்று நினைத்தேன். கல்யாண வீடியோ எடுப்பவரிடம் விசாரித்தால் 15,000 என்றார்.

அந்த நேரத்தில்தான் போனில் அந்தத் தளத்தின் விளம்பரம் வந்தது. திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்து கடலை உரிக்கிறார், நிமிர்ந்து பார்த்து நம் ஊர்த் தமிழில் பேசுகிறார், உதடு வார்த்தைக்கு வார்த்தை பொருந்துகிறது. வெயில் அவர் முகச் சுருக்கத்தில் விழுவது வரை தெரிந்தது. கீழே, "தமிழிலேயே எழுதுங்கள். ஒரு நிமிட விளம்பரம் தயார். 7 நாளில் பணம் திரும்பப் பெறலாம்." அந்தப் பாட்டியைப் பார்த்துத்தான் நம்பினேன். நம் மொழியில் இவ்வளவு சுத்தமாகச் செய்கிறவன் ஏமாற்ற மாட்டான் என்று தோன்றிவிட்டது.

விலை 12 டாலர், மாதத்துக்கு. பெரிய எழுத்தில் அதுதான் இருந்தது. சரி, ஆயிரம் ரூபாய் சொச்சம், ஒரு மாதம் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று என் வீட்டுக்காரரின் டெபிட் கார்டு எண்ணைப் போட்டேன். பணம் போகவில்லை. உடனே ஓரத்தில் சாட் பெட்டி திறந்தது. "கவலை வேண்டாம், உங்கள் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்குங்கள்" என்று எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்பது வரை அழகாகச் சொல்லிக்கொடுத்தது. நம் கார்டுகளில் அந்த வசதி அணைந்தே இருப்பது நம் பாதுகாப்புக்காக. அந்தப் பூட்டை என் கையாலேயே திறக்க வைத்தார்கள். அடுத்த நொடி பணம் போய்விட்டது. வெளிநாட்டுத் தளம், ஓடிபி கூடக் கேட்கவில்லை.

போனது 12 டாலர் இல்லை. 144 டாலர். வருஷம் முழுதுக்கும் மொத்தமாக எடுத்துவிட்டார்கள். 12,528 ரூபாய், அதன்மேல் வங்கியின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் 439, அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 79. ஆக 13,046. திரும்பப் போய்ப் பார்த்தால், 12 டாலருக்குக் கீழே வெளிர்சாம்பல் நிறத்தில் "ஆண்டுக்கு ஒருமுறை வசூலிக்கப்படும்" என்று பொடி எழுத்து. என் போன் திரையில் அது இருந்ததே தெரியவில்லை.

எடுத்தது எடுத்துவிட்டார்கள், வீடியோவாவது ஒழுங்காக வரட்டும் என்று அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். "முடிச்சுப் போட்ட அரக்குநிறச் சுங்குடிச் சேலை கட்டிய பெண், முந்தானையை விரித்துக் காட்டுகிறாள்" என்று தமிழில் எழுதினேன். வந்தது எட்டு விநாடித் துண்டு. பெண் நடக்க நடக்கச் சேலை கவுனாக மாறுகிறது. முந்தானை வலது தோளுக்குத் தாவுகிறது. நான் காட்ட நினைத்த வெள்ளைப் புள்ளிகள் ஓரிடத்தில் நிற்கவே இல்லை, நெளிந்து நெளிந்து பூவாகி அப்புறம் கரைந்தே போயின. என் கடைப் பெயரைப் பலகையில் கேட்டிருந்தேன். தமிழ் மாதிரி இருக்கும், ஆனால் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள். பேச்சோ, ஏதோ வேற்றுமொழிக்காரர் எழுத்துக்கூட்டி வாசிப்பது போல.

இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு வீடியோவுக்கும் கழித்துக்கொள்ளும் புள்ளிக்குப் பெயர் கிரெடிட். மாதம் 1,200 கிரெடிட், "60 வீடியோ வரை" என்று போட்டிருந்தார்கள். அது சத்தமே இல்லாத மங்கல் தரத்துக்கு, ஒன்றுக்கு 20 வீதம். பேச்சோடு தெளிவாக வேண்டுமென்றால் ஒரு துண்டுக்கு 150. அதாவது மாதம் எட்டே துண்டு, 64 விநாடி. ஒரு நிமிஷ விளம்பரத்துக்கு அந்த எட்டுத் துண்டும் முதல் தடவையிலேயே சரியாக வந்தால்தான் உண்டு. ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. தப்பாக வந்ததற்கும் கிரெடிட் கழிந்தது. இரண்டே ராத்திரியில் கணக்கு பூஜ்யம்.

மூன்றாம் நாள் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 7 நாள் என்று அவர்கள்தானே சொன்னார்கள். "மொத்தக் கிரெடிட்டில் 5 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குத் திருப்பித் தரப்படாது" என்று பதில். 5 சதவீதம் என்றால் 60 கிரெடிட். ஒரே ஒரு வீடியோவுக்கு 150! அப்படியென்றால் ஒரு தடவை ஒழுங்காகச் செய்து பார்த்த யாருக்குமே அந்த 7 நாள் உறுதி கிடையாது. இதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. பணம் கட்டும்போது நொடியில் பதில் சொன்ன சாட் பெட்டி, பணம் கேட்டதும் "உங்கள் உணர்வு புரிகிறது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது. மின்னஞ்சல் அனுப்பினால் புகார் எண் வந்தது, ஆள் வரவில்லை. ஐந்து நாள் கழித்து ஒருவர், உங்கள் விவரிப்பு போதாது, ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள் என்றார். தமிழில் எழுதுங்கள் என்று விளம்பரம் செய்தது யார்? இன்னொருவர் 100 கிரெடிட் இனாமாகத் தருவதாகச் சொன்னார். ஒரு துண்டுக்குக்கூடக் காணாது. நான் சம்மதிக்கவில்லை. இன்று மூடிவிட்டார்கள்.

என் நாத்தனார் மகள் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவள்தான் உட்கார்ந்து துருவினாள். "அத்தை, இவங்ககிட்ட சொந்தமா எதுவுமே இல்ல. வேற பெரிய கம்பெனியோட மாடலை, அதான் வீடியோ செய்யுற ஏஐயை, பின்னாடி வாடகைக்கு எடுத்து, மேல ஒரு முகப்பைப் போட்டு விக்கிறாங்க" என்றாள். பெரிய நிறுவனங்களின் கருவிகளே ஒரு தடவைக்குச் சில விநாடிகள்தான் தருமாம். கூகுளின் வீடியோ கருவியான வியோ 3, 2025 மே மாதம் வந்தது, அதுவே எட்டு விநாடித் துண்டுதான். நீளமான விளம்பரம் என்றால் துண்டுகளை ஆள் உட்கார்ந்து வெட்டி ஒட்ட வேண்டும். இந்தக் கருவிகள் பார்த்துப் பழகிய வீடியோக்களை வைத்துத்தான் புதிதாக வரையும், சுங்குடியை எத்தனை வீடியோவில் பார்த்திருக்கும் என்றும் கேட்டாள். பணம் கட்டுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வங்கிக்கும் போனேன். "நீங்களேதானேம்மா கார்டு நம்பரைக் கொடுத்திருக்கீங்க, இதை ஃபிராடுன்னு எழுத முடியாது" என்றார்கள். கெஞ்சிக் கேட்ட பிறகு, பணம் பெற்றவர்மேல் ஆட்சேபம் என்று ஒரு படிவம் வாங்கிக்கொண்டார்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் கேட்டார்கள். என்னிடம் இல்லை. அந்த விளம்பரமும் இப்போது கண்ணில் படுவதில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். மணி பதினொன்றரை, கண் எரிகிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மாதக் கட்டணம் என்று பார்த்தால் அதன் கீழே உள்ள பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள். பணம் கட்டும் முன் விளம்பரத்தையும் விலைப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். யார் சொன்னாலும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறக்காதீர்கள், திறந்தால் வேலை முடிந்ததும் அணையுங்கள். இலவசமாக ஒரு துண்டு செய்து பார்க்க விடாத தளத்துக்குப் பணமே கட்டாதீர்கள். வீடியோ தயார் என்று எதையாவது தரவிறக்கச் சொன்னால் தொடாதீர்கள், இப்படிப்பட்ட போலித் தளங்கள் வழியாக வைரஸ் பரப்புகிறார்களாம். பணம் திருட்டுப் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கும், நுகர்வோர் புகாருக்கு 1915க்கும் போன் செய்யுங்கள்.

நான் கார்டை முடக்கிவிட்டேன். ஏனென்றால் சந்தாவை ரத்துசெய்யும் பொத்தானை இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை, அடுத்த வருஷம் இன்னொரு 13,046 எடுத்துவிடுவார்கள்.