வீட்டு விருந்துக்குக் குட்டிக் காரப் பலகாரம்: வெங்காய சமோசாவா, பப்ஸ் சுருளா?

வீட்டுக்கு இருபது பேர் வருகிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கையில் எடுத்துக் கொறிக்கச் சூடாக ஏதாவது வேண்டும், ஆனால் சமையலுக்கு ஆள் வைக்கும் அளவுக்குப் பெரிய விசேஷமும் இல்லை. இந்த மாதிரி நாட்களுக்கு மைதாவில் செய்கிற குட்டிப் பலகாரம்தான் சரிப்படும். நான் செய்து பார்த்தவை மூன்று: சமோசா பட்டியில், அதாவது நீளமாக வெட்டிய மெல்லிய மைதாத் தகட்டில், மடிக்கும் சின்ன வெங்காய சமோசா, கடையில் வாங்கிய பப்ஸ் ஷீட்டை (அடுக்கடுக்காக மடித்துத் தேய்த்த மாவுத் தகடு) சுருட்டி வெட்டிச் சுடும் சுருள், ரெடிமேடாகக் கிடைக்கும் கனாப்பே கப். மூன்றையும் மாற்றி மாற்றிப் பரிமாறிவிட்டு இப்போது சுருளில் நிலைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், சமோசாவுக்கு உரிய மரியாதையையும் கொடுத்துவிட்டே சொல்கிறேன்.

கனாப்பே கப்பை முதலில் முடித்துவிடலாம். பொரித்தோ சுட்டோ வைத்த குட்டிக் கிண்ணம், அதில் வேகவைத்த சோளமோ சுண்டலோ போட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயமும் மல்லித்தழையும் ஓமப்பொடியும் தூவினால் ஆயிற்று. அடுப்பே வேண்டாம், குழந்தைகளே நிரப்பிவிடுவார்கள். ஆனால் நிரப்பிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடி நமத்துப் போகிறது, அதனால் கடைசி நிமிடத்தில்தான் நிரப்ப முடியும். சூடாகவும் இருக்காது. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு நல்லது, பெரியவர்கள் கூடும் மாலைக்கு எனக்குத் திருப்தியில்லை.

இனி மற்ற இரண்டு. செலவைப் பார்த்தால் சமோசா மலிவு. மைதா, வெங்காயம், எண்ணெய், அவ்வளவுதான், அதுவும் பட்டியை வீட்டிலேயே போட்டால் இன்னும் குறையும். பப்ஸ் ஷீட் விலை கூடுதல், வெண்ணெயில் செய்த ஷீட் என்றால் இன்னும் கூடுதல். ருசியில், எண்ணெயிலிருந்து எடுத்த முதல் ஐந்து நிமிடம் வெங்காய சமோசாவை அடிக்க ஆளில்லை. மெல்லிய ஓடு நொறுங்கி, உள்ளே பாதி வெந்த வெங்காயத்தின் இனிப்பும் பச்சைமிளகாயும் சேர்ந்து வருகிற அந்த ருசி சுருளுக்குக் கிடையாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அப்படியிருந்தும் நான் சுருள் பக்கம் வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: வேலை எந்த நேரத்தில் வந்து விழுகிறது என்பது.

சமோசாவின் கணக்கைப் பாருங்கள். தலைக்கு இரண்டு மூன்று என்று ஐம்பது சமோசா. மடித்து முடிக்க ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அது பரவாயில்லை, பிற்பகலிலேயே முடித்துவிடலாம். பொரிப்பதுதான் இடிக்கிறது. வீட்டு வாணலியில் ஒரு ஈட்டுக்குப் பத்து போட்டால் ஐந்து ஈடு. தீயைக் கூட்டினால் ஓடு சட்டென்று சிவந்து கொப்பளம் விடும், உள்ளே மாவு வேகாது, அதனால் மிதமான சூட்டில் ஈட்டுக்கு ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். ஆக அரை மணி நேரம் அடுப்பங்கரையில். அந்த அரை மணி நேரம் எப்போது என்றால், விருந்தாளிகள் கூடத்தில் வந்து உட்கார்ந்த பிறகு. முன்னாலேயே பொரித்து வைத்தால் வெங்காயத்தின் ஈரம் ஓட்டுக்கு ஏறி அரை மணியில் தொய்ந்துவிடும். அதுவும் நம் வீடுகளில் ஏழு மணிக்கு வரச் சொன்னால் ஆறே முக்காலுக்கு ஒரு குடும்பம், எட்டு மணிக்கு ஒரு குடும்பம் என்று வருவார்கள். ஒவ்வொரு தடவையும் எண்ணெயைச் சூடாக்கி, அரிகரண்டியோடு நின்று, நெற்றி வியர்வையோடு வாசலுக்குப் போய் “வாங்க, வாங்க” என்று சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அக்காவோடு பேச முடியாமல் இந்தப் பக்கம் நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விருந்துக்குக் கூப்பிட்டதே அவளோடு உட்காரத்தானே. போதாததற்கு, எல்லாம் முடிந்தபின் அரை லிட்டர் பொரித்த எண்ணெய் வேறு மீந்து நிற்கும்.

முன்கூட்டியே செய்து ஃப்ரீசரில் வைக்கலாமே என்று கேட்பீர்கள். சமோசாவை வைக்கலாம், வெங்காய சமோசாவை வைக்க முடியாது, சிக்கலே அதுதான். பச்சை வெங்காயத்தில் உப்புப் பட்டதும் நீர் விடும். உடனே மடித்துப் பொரிப்பதாக இருந்தால், வெங்காயத்தைப் பிழிந்து ஒரு கைப்பிடி அவல் கலந்தால் போதும், மிச்ச நீரை அவல் இழுத்துக்கொள்ளும். ஃப்ரீசரில் உறையும்போது வெங்காயத்தின் உள்ளே இருக்கும் நீரும் பனிக்கட்டியாகிச் சதையைக் கிழித்துவிடுகிறது. எண்ணெயில் போட்டதும் அந்த நீர் முழுவதும் வெளியே வந்து ஓடு ஊறிப்போகும், சில சமயம் வெடித்து எண்ணெய் தெறிக்கும். வதக்கி ஈரம் வற்றிய கீமாவோ, பட்டாணி சேர்த்து மசித்த உருளைக்கிழங்கோ வைத்தால் நன்றாக உறையும், இளக்காமல் அப்படியே எண்ணெயில் போடலாம். நல்ல பலகாரம்தான், ஆனால் நாம் ஆசைப்பட்ட வெங்காய சமோசா இல்லை. அப்புறம், வாணலி முன்னால் நிற்கிற அரை மணி நேரம் அப்படியேதான் இருக்கும்.

சுருளில் இந்தத் தொல்லை இல்லை. அதன் செய்முறையே முந்தின நாள் வேலையாக அமைந்திருக்கிறது. உறைந்த ஷீட்டை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். வெளியே மேடையில் வைத்து இளக்கினால் நம் ஊர் வெயிலுக்கு மேல்பக்கம் பிசுபிசுத்து நடுப்பகுதி கட்டியாகவே இருக்கும். 25 சென்டிமீட்டர் சதுரமுள்ள ஷீட் என்றால் நடுவில் வெட்டி இரண்டு நீளப் பட்டைகளாக்கிக்கொள்ளுங்கள். மேலே மசாலாவை மெல்லிசாகத் தடவி, நீள ஓரம் ஒன்றில் மட்டும் ஒரு விரல் அகலம் விட்டு, அந்த ஓரத்தில் தண்ணீர் தொட்டு, எதிர் ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி ஒட்டுங்கள். பார்க்கக் கனமான மெழுகுவர்த்தி போல ஒரு உருளை கிடைக்கும். அதை பட்டர் பேப்பரில் சுற்றி ஃப்ரீசரில் போட்டுவிட வேண்டியதுதான். அரை மணி நேரத்தில் வெட்டுவதற்குப் பதமாக இறுகிவிடும். நன்றாகக் கட்டி காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் சில வாரம்கூட அப்படியே இருக்கும்.

விருந்தன்று வெட்டும்போது பாறையாக இருந்தால் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். பிரெட் அறுக்கும் பல்லுக் கத்தியால் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் துண்டு போடுங்கள். ஒரு ஷீட்டுக்கு ஏறத்தாழ ஐம்பது துண்டு வரும். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். உருளை இறுகி இருந்தால் துண்டின் முகத்தில் மாவும் மசாலாவும் வளையம் வளையமாகத் தெளிவாகத் தெரியும். இளகிவிட்டால் கத்தி அழுத்தி வட்டம் நசுங்கி, அடுக்கெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அது ஓவனில் எழும்பாது. பப்ஸ் மாவு எழும்புவதே அடுக்குகளுக்கு நடுவில் உள்ள கொழுப்பு உருகி இடம்விட, மாவிலும் கொழுப்பிலும் உள்ள ஈரம் ஆவியாகி அடுக்கைத் தூக்குவதால்தான். ஒருமுறைக்கு மூன்று மடிப்பு என்று ஆறு முறை மடித்தால் 729 அடுக்கு. அவ்வளவு மெல்லிய அடுக்குகளை நம் கைச்சூடே கெடுத்துவிடும். அதனால்தான் மசாலாவும் முழுக்க ஆறியிருக்க வேண்டும் என்கிறேன். வெதுவெதுப்பாக இருந்தால்கூட ஆகாது.

ஓடிஜியை (வீட்டில் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) 200 டிகிரியில் பதினைந்து நிமிடம் முன்சூடு செய்துவிட்டு, துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, 18 முதல் 20 நிமிடம். மேலே பொன்னிறமாக இருக்கிறதே என்று எடுத்துவிடாமல் ஒன்றைத் திருப்பி அடியைப் பாருங்கள், அடியும் சிவந்திருக்க வேண்டும். பளபளப்புக்கு முட்டையை அடித்துத் தடவலாம், முட்டை சாப்பிடாதவர்கள் வருகிறார்கள் என்றால் பால் போதும், நிறம் கொஞ்சம் மங்கலாக வரும், ருசியில் வித்தியாசம் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், சுடும் நேரத்தில் நான் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. மணியடித்ததும் போய் எடுத்தால் போதும். முதல் குடும்பம் வந்ததும் ஒரு தட்டு உள்ளே, அடுத்தவர்கள் வந்ததும் அடுத்த தட்டு. யாராவது வராமல் போனால் அவர்கள் பங்கு உருளையாக ஃப்ரீசரிலேயே கிடக்கும், வீணாகாது. சுட்டது ஆறிப்போனாலும் 180 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் மறுபடி மொறுமொறுப்பு வந்துவிடும். மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள், தோல் மாதிரி இழுபடும், சமோசாவுக்கும் அதே கதிதான். கரண்ட் செலவும் பயப்படும்படி இல்லை, 1500 வாட் ஓடிஜி ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது.

உள்ளே தடவ என்ன வைக்கலாம் என்றால், என் முதல் ஓட்டு தக்காளித் தொக்குக்குத்தான். வீட்டில் எப்போதும் இருக்கும், கெட்டியாக இருக்கும், புளிப்பும் காரமும் மாவின் கொழுப்பைச் சரிக்கட்டும். மேலே மிதக்கும் எண்ணெயை வடித்துவிட்டு மெல்லிசாகத் தடவி, துருவிய சீஸ் தூவிச் சுருட்டுங்கள். கீமாவை நீர் வற்ற வறுத்து, மிளகும் சோம்பும் தூக்கலாகப் போட்டு வைப்பது அசைவத்தில் சிறந்தது, ஆனால் கட்டி கட்டியாக இருந்தால் சுருள் பிரியும், வறுத்தபின் ஒரு சுற்று மிக்ஸியில் விட்டுக்கொள்ளுங்கள். புதினாச் சட்னி நன்றாக இருக்கும் என்று தோன்றும், அதில் ஈரம் அதிகம், நடு வளையம் வேகாமல் களியாக நிற்கும். பேக்கரி பப்ஸில் வைக்கிற மாதிரி உருளைக்கிழங்கு கேரட் மசாலாவைச் சுருளில் வைக்காதீர்கள், அதற்குச் சதுரமாக வெட்டி மடிப்பதுதான் சரி.

சுருளுக்கும் குறை உண்டு. கடையில் கிடைக்கும் ஷீட்டில் பெரும்பாலும் மார்ஜரின்தான் இருக்கிறது. வெண்ணெய் வாயில் வைத்ததுமே உருகிவிடும், பப்ஸுக்கான மார்ஜரின் அதைவிட அதிகச் சூடு கேட்கும், அதனால் ஆறிய சுருளைத் தின்றால் அண்ணத்தில் மெழுகு பூசினாற்போல ஒரு படலம் ஒட்டும். சூடாகப் பரிமாறினால் அது தெரியாது. எண்ணெயிலும் கொழுப்பிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது, அந்த மட்டில் பழைய கவலை குறைந்திருக்கிறது. அதற்காக இதை லேசான பலகாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம், பொரிக்கவில்லையே தவிர மாவுக்குள்ளேயே கொழுப்பு நிறைய இருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்து, வெண்ணெயில் செய்தது கிடைத்தால் விசேஷ நாளுக்காவது அதை வாங்குங்கள்.

ஏர் ஃப்ரையர் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை. 180 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சுருள் வெந்துவிடுகிறது, ஆனால் காற்று வேகத்தில் நுனி பிரிந்து எழுகிறது, கூடையில் ஒரு நேரத்தில் ஏழெட்டுத் துண்டுதான் கொள்கிறது. நாலு பேர் வீட்டுக்குச் சரி. இலங்கைத் தமிழர் வீடுகளில் உள்ளே மசாலா வைத்துப் பொரிக்கிற பற்றிஸையும் ரோல்ஸையும் சாப்பிட்டு ரசித்திருக்கிறேனே தவிர, கைப்பழக்கம் வரும் அளவுக்குச் செய்ததில்லை, அதனால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

வீட்டில் ஓடிஜி இல்லையென்றால் இதற்காகப் புதிதாக வாங்கச் சொல்ல மாட்டேன், வதக்கிய மசாலா வைத்த சமோசாவை ஃப்ரீசரில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வெங்காய சமோசாவேதான் வேண்டும் என்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். ரமலானில் நோன்பு திறக்கும் நேரம் நிமிடக் கணக்கில் முன்கூட்டியே தெரியும், அதனால் அந்த வீடுகளில் நோன்புக் கஞ்சிக்குப் பக்கத்தில் சமோசா அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. பாங்கு சொல்வதற்குக் கால் மணி நேரம் முன்னால் வாணலியை வைத்தால், கடைசி ஈடு தட்டுக்கு வரும்போது எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள்.