45 நாள் குட்டி என்றால் முதலில் வாயைத் திறந்து பாருங்கள்

ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி வாங்க விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஒரு குட்டியை ஏமாற்றி விற்றவர் மேல் புகார் கொடுத்திருப்பதால் அவர் பெயரை இங்கே போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இருக்காது. அவருக்கு நம்பர்களும் பெயர்களும் நிறைய.

விளம்பரம் இப்படி இருந்தது: "45 நாள் ஆண் குட்டி, டபுள் போன், முதல் ஊசி போட்டாச்சு, கேசிஐ பேப்பர் உண்டு." டபுள் போன் என்றால் பருத்த எலும்பு, கேசிஐ என்றால் வம்சாவளிப் பதிவு தரும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா. விலை 18,000 ரூபாய். தாயைப் பார்க்க வரட்டுமா என்றதற்கு, "வெளியாளுங்க வந்தா பண்ணைக்குள்ள நோய் தொத்திக்கும்ணா, வீடியோ அனுப்பறேன்" என்றார். வீடியோவும் வந்தது. கம்பீரமான பெட்டை நாய்தான், எந்த ஊர் நாயோ. குட்டியை ஈரோடு பைபாஸில் ஒரு டீக்கடை வாசலில் பழக்கூடையில் வைத்துக் கொடுத்தார்கள். பேப்பர் "பின்னாடி கூரியர்ல வரும்" என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

வீட்டில் கஞ்சித் தட்டுக்குள் கால் வைத்து நின்றதே தவிர, குட்டிக்குச் சரியாக நக்கத் தெரியவில்லை. விரலைச் சப்பத் தேடியது. நடந்தால் பின்னங்கால் சறுக்கியது. போன் செய்தால் "பசும்பால் குடுங்கண்ணா, சரியாயிடும்" என்கிறார். பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். நாய் விற்றுப் பிழைக்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

மூன்றாம் நாள் வாந்தி. அன்று ராத்திரியே ரத்தத்தோடு கழிச்சல்.

கால்நடை மருத்துவர் செய்த முதல் வேலை, வாயைத் திறந்து பார்த்ததுதான். "கோரைப்பல் இப்பதான் குத்திட்டு வந்திருக்கு, முன்பல் பாதிகூட வரலை. இது நாலு வாரக் குட்டிங்க" என்றார். பால்பற்களில் கோரைப்பல் மூணு, நாலு வாரத்திலும், முன்பல் நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள்ளும் முளைக்கும். கடைவாய்ப் பக்கப் பற்களும் சேர்ந்து மொத்தம் 28 பல் ஏறக்குறைய எட்டு வாரத்தில்தான் நிறையும். தேதியை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், பல்லை எழுத முடியாது.

கிட் டெஸ்டில் பார்வோ, அதாவது குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய், பாசிட்டிவ். கிருமி உள்ளே போய் அறிகுறி வெளியே தெரியவே பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். எங்கள் வாசலில் தொற்றியிருக்க வாய்ப்பு குறைவு, அங்கிருந்தே கொண்டு வந்திருக்கிறது என்றார் மருத்துவர்.

அப்போ அந்த "முதல் ஊசி"? பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குள் வந்துவிடுகிறது. அது தீரும்வரை தடுப்பூசியையும் சேர்த்து அழித்துவிடும். அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நாலு வாரத்தில் உண்மையிலேயே போட்டிருந்தாலும் அதை நம்ப முடியாது. எங்களுக்குக் கொடுத்த அட்டையில் மருந்து பாட்டிலிலிருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் இல்லை, பேட்ச் எண் இல்லை, மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. ஒரு கிறுக்கல் கையெழுத்து மட்டும்.

பார்வோ வைரஸைக் கொல்லும் மருந்து கடையில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. டிரிப், வாந்தி நிற்க ஊசி, ஆன்டிபயாடிக் என்று உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. செலவு 23,000 ரூபாய், குட்டி விலையைவிட அதிகம். விற்றவரிடம் சொன்னபோது, "நல்லாத்தான்ணா குடுத்தோம், உங்க ஊர் தண்ணி ஒத்துக்கலை" என்றார். பிறகு பிளாக்.

குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. ஆட்டு மந்தையை வளைத்துக் காக்கும் நாய்களிலிருந்து 1899 வாக்கில் ஜெர்மனியில் மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் வார்த்தெடுத்த இனம் இது. ஓடுவதைத் துரத்துவதும் வாயால் பிடிப்பதும் ரத்தத்தில் ஊறியது. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை எட்டு வாரம் வரை கூடப்பிறந்த குட்டிகளிடம்தான் கற்கிறது. ஓங்கிக் கடித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நின்றுபோகும். நாலு வாரத்தில் பிரித்த எங்கள் குட்டிக்கு அந்தப் பள்ளிக்கூடமே கிடைக்கவில்லை. என் மகள் வீட்டுக்குள் ஓடினால் கணுக்காலைக் கவ்வுகிறது, விடத் தெரியவில்லை. பயிற்சியாளருக்கு இப்போது தனிச் செலவு.

இன்னொன்று. 45 நாள் என்பது உண்மையாகவே இருந்தாலும் சட்டப்படி தப்பு. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், குட்டிக்குத் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் இருக்க வேண்டும். கேசிஐ பேப்பர் என்று சொன்னால் சிப்பை ஸ்கேன் செய்து 15 இலக்க எண்ணைச் சரிபாருங்கள். சிப் இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: பார்வோ மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், ஃபினாயிலுக்குச் சாகாது. தரையை ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து கழுவுங்கள். ஊசி முழுதாகப் போடாத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவர வேண்டாம். நுகர்வோர் உதவி எண் 1915. பணம் அனுப்பிய ரசீது, சாட், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும்விட, பல்லைப் பார்த்து வயதை மருத்துவரின் லெட்டர்பேடில் எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். என் புகாரில் கனமான காகிதம் அதுதான்.