மேசை சைஸ் எலும்புக்கூடு மாடல்: முதுகுக்கு ஓகே, முட்டிக்கு வேஸ்ட்

பிசியோ படிக்கிறவங்க, பேஷண்ட்டுக்கு காட்டி விளக்க ஒண்ணு தேடுறவங்க இத வாங்கலாமான்னு கேட்டா, மொதல்ல எந்த எடத்துக்காக வாங்குறீங்கன்னு முடிவு பண்ணிக்கோங்க. உயரம் 85 செமீ, முழு சைஸுல பாதி.

முதுகெலும்பு சூப்பர். கழுத்துல 7, நெஞ்சுப் பக்கம் 12, இடுப்புல 5ன்னு எல்லாம் தனித்தனியா அசையுது, நடுவுல ரப்பர் டிஸ்க், பக்கவாட்டுல மஞ்சள் கலர்ல நரம்பு, அதுலயும் எல்4 எல்5 (இடுப்புல நாலாவது, அஞ்சாவது எலும்பு) நடுவுல இருக்கிற டிஸ்க்க மட்டும் பிதுங்கின மாதிரி செவப்பா வெச்சிருக்காங்க. முதுகுல பிரச்சனைன்னா கால் ஏன் சார் மரத்துப்போகுதுன்னு கேக்கிறவங்களுக்கு அந்த செவப்புல வெரல வெச்சு, இது நரம்ப அமுக்குது, வலி அப்படியே பின்னந்தொடை வழியா எறங்குதுன்னு சொன்னா முடிஞ்சது, பத்து நிமிஷம் பேச வேண்டாம்.

தோள்மூட்டும் பரவால்ல. இடுப்பு மூட்டுக் கிண்ணம் எவ்ளோ ஆழம், தோள்ல எவ்ளோ தட்டைன்னு பாத்தாலே தோள்பட்டை ஏன் அவ்ளோ ஈஸியா எறங்கிடுதுன்னு புரியும்.

முட்டிதான் கடுப்பு. வர்றவங்கள்ல பாதிப்பேரு முட்டி வலின்னுதான் வர்றாங்க, இதுல என்னடான்னா தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவுல ஒரு ஸ்க்ரூ, அவ்ளோதான். குருத்தெலும்பு கெடையாது, மெனிஸ்கஸ் (முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்கிறது) கெடையாது, ஏசிஎல் (முட்டிய உள்ள பிடிச்சு வைக்கிற ஜவ்வு) கெடையாது. மூட்டு தேய்மானத்துல மொதல்ல தேயிறதே அந்த குருத்தெலும்புதான், அதுவே இல்லன்னா எத காட்டி எத சொல்றது? முட்டிச்சில்லையும் பசை போட்டு ஒட்டிட்டாங்க, மடக்குனா நகராது. முட்டிக்காகன்னா தனி முட்டி மாடல் வாங்குங்க, அதுல ஜவ்வெல்லாம் இருக்கும்.

அப்புறம் டப்பால பெருசா '206 எலும்பு'ன்னு போட்டிருக்கு. ஒரு கையில 27, ஒரு பாதத்துல 26, ரெண்டு பக்கமும் சேத்தா 106, அதாவது பாதிக்கு மேல அங்கதான் இருக்கு, அதையெல்லாம் ஒரே வார்ப்பா ஊத்திட்டு கோடு மட்டும் கிழிச்சு விட்டிருக்காங்க. மணிக்கட்டுல இருக்கிற 8 எலும்புல எது எதுன்னு பிரிச்சே பாக்க முடியாது, அனாட்டமி வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) இத நம்பிப் போயிராதீங்க. காதுக்குள்ள இருக்கிற 6 குட்டி எலும்பும் இல்ல, சரி, நெஜத்துலயே அதுல ஒண்ணான அங்கவடி எலும்பு 3 மிமீ தான், அத மன்னிச்சிரலாம்.

ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு மெலியுற நோய்) விளக்கவும் இது ஆகாது, உள்ள எலும்போட வலைப்பின்னல் எப்படி மெலிஞ்சு ஓட்டையாகுதுன்னு காட்டணும், இது முழுக்க கெட்டி பிளாஸ்டிக்கு.

ஸ்டாண்டு லேசா ஆடுது, அடியில வெயிட்டு ஏதாச்சும் வைக்கணும். 5க்கு 3, அந்த மூணும் முதுகெலும்புக்குத்தான்.