நுரையீரல் தழும்பு: எந்த பிளட் ரெஸ்டுக்குக் காசு குடுக்கலாம்?

போன வருசம் கோணேசர் கோயிலுக்கு ஏறேக்க கோட்டைக்குள்ள மான் நிக்கிற இடத்திலயே மாமா குந்திட்டார், மூச்சு எடுபடேல்ல. பிறகு சி.டி. ஸ்கானில ஐபிஎஃப் (காரணம் தெரியாம நுரையீரல் தழும்பேறுற வருத்தம்) எண்டு வந்தது. நெட்டில பாத்தா கண்டுபிடிச்சு 3-5 வருசத்தில பாதிப்பேர் இல்லை எண்டு கிடக்கு (இப்ப இருக்கிற மருந்துகள் வர முந்தின கணக்கு அது), மச்சாள் அழ, வருத்தம் எவ்வளவு கெதியாக் கூடும் எண்டு பாக்கச் சொந்தக்காரர் எல்லாம் வாட்ஸ்அப்பில ஆளுக்கொரு ரெஸ்ட் பேர் அனுப்ப, கடைசியா நான் இருந்து வாசிச்சன்.

கேஎல்-6 தான் எல்லாரும் சொன்னது. நுரையீரல் காற்றறைச் சுவர் சேதப்பட்டா இரத்தத்துக்குள்ள கசியிற புரதம், ஜப்பான்ல வழமையா எடுக்கிறவை, 500க்குக் கீழ நோர்மல், 1000 தாண்டின ஆக்கள் கெதியாப் போயிருக்கினம் எண்டு 2006ல ஒரு ஆய்வு இருக்கு, ஆனா அதில வெறும் 27 பேர். சிசிஎல்18, எம்எம்பி-7 எண்ட வேற ரெண்டு இரத்தப் புரதமும் ஆராய்ச்சிக்கு எடுக்கிறதுகள், எங்களுக்குச் சரிவராது.

சிஏ-125 எண்ட இரத்தப் புரதம் வேற கதை. இங்கிலாந்தில ப்ரொஃபைல் எண்ட ஆய்வு (2017), 3 மாசத்தில இது ஏறிக்கொண்டு போறவைக்கு ஆபத்துக் கூட எண்டு காட்டினது. சாதாரண லாப்லயே எடுக்கலாம். ஆனா நாங்கள் போக கவுண்டரில இருந்த தங்கச்சி ஃபோமைப் பாத்திட்டு "அண்ணை, இது சூலகப் பிரச்சினைக்குப் பொம்பிளையளுக்கு எடுக்கிறதெல்லோ" எண்டு சிரிச்சுது, மாமா வெக்கத்தில வெளிய போட்டார். ஒருக்கா எடுத்துப் பிரயோசனம் இல்லை, திரும்ப எடுத்து ஏறுதா எண்டு பாக்கோணும், அதுக்கு ரெண்டு தரம் காசு.

எனக்குப் பிடிச்சது எஃப்பிசி, வழமையா எடுக்கிற இரத்த அணுக் கணக்கு. ஏற்கனவே ஃபைலில நாலைஞ்சு கிடக்கும்! வெள்ளணு மொத்தத்தை மொனோசைட் (வெள்ளணுவில ஒரு வகை) வீதத்தால பெருக்குங்கோ, மாமாக்கு 8,200ல 7 வீதம், 574. 2019 ஆய்வில 950ம் அதுக்கு மேலயும் இருந்தவை கூடச் செத்திருக்கினம், வயசு, மூச்சளவு எல்லாம் கழிச்சுப் பாத்தும். காய்ச்சல், தொற்று இருக்கேக்க எடுத்ததைக் கணக்கெடுக்காதேங்கோ, அப்ப சும்மாவே ஏறும்.

ஆனா இதில எது வந்தாலும் காப் ஸ்கோரை (ஐபிஎஃப் ஆபத்தைப் புள்ளி போட்டுக் கூட்டுற முறை) விட்டிட்டுப் பாக்கிறதில அர்த்தமில்லை எண்டது என்ர முடிவு. அதுக்கு ஊசியே தேவையில்லை, ஆம்பிளையா பொம்பிளையா, வயசு, எஃப்விசி (மூச்சை முழுசா இழுத்து ஊதி விடுற காத்தின்ர அளவு), டிஎல்சிஓ (நுரையீரலில இருந்து இரத்தத்துக்கு வாயு போற அளவு) அவ்வளவுதான், கடைசி ரெண்டும் இருக்கவேண்டிய அளவில எத்தனை வீதம் எண்டு. 0-3 ஸ்டேஜ் 1, 4-5 ஸ்டேஜ் 2, 6-8 ஸ்டேஜ் 3. 2012ல வந்த கணக்கில ஒரு வருசத்துக்குள்ள இறப்பு 5.6, 16.2, 39.2 வீதம். கூட்டத்துக்குச் சொல்லுற கணக்கு, மாமா ஒரு ஆளுக்கு இல்லை.

கூட்டேக்க ஒண்டு கவனம். மாமாக்கு ஆம்பிளை 1, வயசு 64க்கு 1, எஃப்விசி 68 வீதத்துக்கு 1, டிஎல்சிஓ ஊதேக்க இருமல் வந்து செய்யவே ஏலேல்ல, நான் அதை விட்டிட்டு 3 எண்டு கூட்டி ஸ்டேஜ் 1 எண்டு வீட்டில சொல்லிப்போட்டன். மூச்சுக் கஷ்டத்தாலயோ இருமலாலயோ செய்ய ஏலாட்டி அதுக்கே 3 புள்ளியாம், அப்ப 6, ஸ்டேஜ் 3. டொக்டர் சொல்லித்தான் தெரியும். அடுத்த மாசம் கொழும்பில திரும்ப ஊதினார், 44 வீதம் வந்தது, அதுக்கு 1. இப்ப 4.