பசை பைண்டிங்கில் புதைந்த கட்டங்கள்

சென்ற மாதம் நண்பர் ஒருவர், பிரிட்டிஷ் காமிக்ஸ் மறுபதிப்புகளை வாங்கிச் சேர்க்கத் தொடங்கலாமா, தொடங்கினால் எதிலிருந்து என்று கேட்டிருந்தார். அதற்கு முறையாகப் பதில் எழுத நினைத்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், அலமாரியிலிருந்து ஒரு தடித்த தொகுதியை எடுத்து மேசையில் வைத்து விரித்தபோது அதன் முதுகு படக்கென்று உடைந்து, நடுவிலிருந்து நாற்பது பக்கங்கள் அப்படியே கையோடு வந்துவிட்டன. ஆகவே இந்தப் பதிலில் கோபமும் கலந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தொகுதி எது, யார் வெளியிட்டது என்று சொல்லப் போவதில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாக நான் வாங்கிச் சேர்த்த நூல்களில் இந்தக் குறை ஒரே பதிப்பகத்தோடு நிற்கவில்லை. அப்படியிருக்க, உடைந்தது எதுவோ அதன் பெயரை மட்டும் இழுத்துப் போடுவது நியாயமாகாது.

நம்மில் பெரும்பாலோர் இந்த உலகத்துக்குள் நுழைந்த வழி ஒன்றுதான். 1972இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் தந்த இரும்புக்கை மாயாவியின் கைபிடித்துத்தான் நாம் வந்தோம். அவர் 1962 அக்டோபரில் ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் வார இதழின் முதல் இதழிலேயே லூயி கிராண்டெல் என்ற பெயரோடு பிறந்தவர் என்பதும், அவரை வரைந்த ஜீஸஸ் பிளாஸ்கோ ஆங்கிலேயர் அல்லர், ஸ்பானியர் என்பதும் எனக்குத் தெரிய வந்தது நாற்பது வயதுக்குப் பிறகு, மறுபதிப்பு ஒன்றின் வழியாகத்தான். சிறுவயதில் அந்தக் கறுப்பு நிழல்களையும், மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து எஃகுக் கை மட்டும் காற்றில் மிதக்கும் அந்தக் காட்சியையும் எத்தனை முறை பார்த்திருப்போம்! வரைந்தவர் யார் என்று கேட்கத் தோன்றியதில்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. அந்தக் கால பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போடும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. 1977இல் தொடங்கிய ‘2000 ஏடி’ என்ற அறிவியல் புனைகதைக் காமிக்ஸ் இதழில்தான் ஓவியர் கெவின் ஓ’நீல் ஒவ்வொரு கதையின் தொடக்கத்திலும் படைப்பாளிகளின் பெயரைச் சிறு பெட்டிக்குள் அச்சிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். மறுபதிப்புகள் எனக்குத் தந்த முதல் மகிழ்ச்சி இந்தப் பெயர்கள்தான். அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகனான ஸ்பைடரின் கூரிய காதுகளையும் ஒடுங்கிய முகத்தையும் வரைந்தவர் ரெக் பன் என்றும், அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்றும் படித்த அன்றிரவு வீட்டில் இதைச் சொல்லிக் கேட்க ஆள் இல்லாமல் தவித்தது நினைவிருக்கிறது.

மறுபதிப்புகள் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதற்கான காரணத்தையும் நண்பர் கேட்டிருந்தார். அது உரிமைகள் கைமாறிய கதை. ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ரெபெல்லியன் என்ற வீடியோ கேம் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ‘2000 ஏடி’யை வாங்கியது, 2016இல் ஃப்ளீட்வே என்ற பழைய பதிப்பகத்தின் இதழ்களில் 1970 முதல் தொடங்கியவற்றின் உரிமையையும், 2018இல் அதற்கு முந்தைய பெருங்களஞ்சியத்தின் உரிமையையும் வாங்கிச் சேர்த்தது. அதுவரை வெவ்வேறு உரிமையாளர்களிடம் சிதறிக் கிடந்த இதழ்கள் ஒரே கூரைக்குக் கீழ் வந்ததால், பழைய வார இதழ்களை ஏலத்தில் தேடி அலைந்துகொண்டிருந்தவர்களுக்கு இப்போது புத்தகமாகவே பல தொடர்கள் கிடைக்கின்றன.

சேர்த்தவற்றுள் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் ‘சார்லீஸ் வார்’ தொடரைத்தான் வைத்துக்கொள்வேன். 1979 ஜனவரியில் ‘பேட்டில்’ இதழில் தொடங்கிய இந்தத் தொடரை பேட் மில்ஸ் எழுத, ஜோ கஹூன் வரைந்தார். வயதைப் பொய்யாகக் கூட்டிச் சொல்லி முதல் உலகப் போருக்குப் போகும் பதினாறு வயதுப் பையன் சார்லி போர்ன். அவன் வீரதீரன் அல்லன். எழுத்துப்பிழை மலிந்த கடிதங்களை வீட்டுக்கு எழுதும் சாதாரணத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. 2004இல் தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக வந்த கெட்டி அட்டைப் பதிப்பின் முதல் நூலுக்கு ‘1916 ஜூன் 2 முதல் ஆகஸ்ட் 1 வரை’ என்றுதான் தலைப்பு. இரண்டே மாதம், ஒரு முழு நூல்! அந்த இரண்டு மாதங்களுக்கு நடுவில்தான் ஜூலை 1, சோம் போரின் முதல் நாள், வருகிறது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் செத்தவர்கள் மட்டும் 19,240 பேர். சிறுவர்களுக்கான போர்க்கதை இதழ் ஒன்று, எதிரியைச் சுட்டுத் தள்ளும் சாகசத்தை எதிர்பார்த்து வாங்கிய பிள்ளைகளிடம் இதை வாரம் மூன்று அல்லது நான்கு பக்கமாகக் கொடுத்திருக்கிறது. உற்ற நண்பன் ஜிஞ்சர் குண்டு விழுந்து இறந்த பிறகு, எஞ்சியதை ஒரு சாக்கில் சேர்த்துச் சார்லி தூக்கிக்கொண்டு போகும் இடத்தை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை. அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த நூல்களின் இறுதியில் மில்ஸ் எழுதியுள்ள குறிப்புகளும் தவறவிடக் கூடாதவை.

இப்போது முதுகுக்கு வருகிறேன். பழைய பிரிட்டிஷ் வார இதழ்களின் பக்கம் அகலமானது. ஓவியர்கள் ஓரம் வரை கட்டங்களை நெருக்கி அடுக்குவார்கள். மடித்த மெல்லிய இதழ் என்பதால் விரித்துப் போட்டால் ஓரம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. அதே பக்கங்களைக் கொஞ்சம் சுருக்கி, முந்நூறு பக்கத் தடிமனில், சாதா அட்டைக்குள் பசை பைண்டிங் போட்டால் என்ன ஆகும்? பல பக்கங்களை ஒன்றாக அச்சிட்டு மடித்த தாள்கட்டுகளான பாரங்களின் முதுகைச் சீவி, ஒவ்வொரு தாளையும் தனித்தாளாக்கி, உருக்கிய பசையில் நிறுத்திவிடுவதுதான் அந்த முறை. நூல் தையல் கிடையாது. ஆகவே புத்தகம் முழுதாக விரியாது. இடப்பக்கத்தின் வலது ஓரமும் வலப்பக்கத்தின் இடது ஓரமும் ஒரு பள்ளத்துக்குள் இறங்கிவிடுகின்றன. அந்தப் பள்ளத்தில்தான் என் பத்தாண்டு எரிச்சல் முழுவதும் கிடக்கிறது. வசனக் குமிழியின் கடைசி இரண்டு எழுத்துகள் அங்கே போய்விடும். ஒருவன் கையை நீட்டியிருப்பான். அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் புத்தகத்தை இரு கைகளாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தினால் முதுகில் வெள்ளைக் கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் ஒருநாள் உடையும். படிக்காமல் வைத்திருந்தால் மட்டுமே பத்திரமாக இருக்கும் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம் என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் நெஞ்சைக் குத்துகிறது. நம் ஊர் வெயிலில் அந்தப் பசை காய்ந்து விறைப்பது வேறு.

உடைந்த தொகுதியை ஊரிலுள்ள பைண்டிங் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். கணக்குப் புத்தகங்களும் கோயில் ரசீதுக் கட்டுகளும் தைப்பவர். புத்தகத்தை வாங்கி முதுகைப் பார்த்ததுமே, “இதைத் தைக்க முடியாது சார். பாரமா இருந்தாத்தான் நடுவுல ஊசி போகும். இது எல்லாம் ஒத்தத் தாளு. பக்கவாட்டுல துளை போட்டுத் தைக்கலாம், ஆனா இன்னும் அரை அங்குலம் உள்ளே போயிரும்” என்றார். அந்த அரை அங்குலத்தைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. பிறகு அவரே வேறு வழி சொன்னார். பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்து, தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி, கட்டையில் இறுக்கி, முதுகை விசிறிபோல ஒருபுறம் சாய்த்து ஃபெவிகால் தடவி, மறுபுறம் சாய்த்து மீண்டும் தடவி, குறுக்கே ரம்பத்தால் மெல்லிய வெட்டுகள் போட்டு அவற்றில் நூலைப் பதித்து, அதன்மேல் காடாத் துணி ஒட்டுவது. நான்கு நாள் ஆயிற்று. அவர் கேட்ட கூலி புத்தகத்தின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நான்தான் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து விரித்தேன். புத்தகம் தானாகவே மேசையில் மல்லாந்து கிடந்தது. ஆறு ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் நூல்தான். ஆனால் அன்று மாலை அதில் நான் பார்த்தறியாத சங்கதிகளைப் பார்த்தேன். பதுங்குகுழிக் காட்சி ஒன்றின் உள் ஓரத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உறங்கும் ஒரு சிப்பாய் இருந்தான். கதைக்கு அவன் தேவையே இல்லை. ஓவியர் வாராவாரம் கெடுவுக்கு ஓடிக்கொண்டிருந்த நிலையிலும், மட்டக் காகிதத்தில் அச்சாகி மறுவாரம் குப்பைக்குப் போகப்போகும் பக்கத்தில், யாரும் கேட்காத ஓர் ஆளை வரைந்து அவன் காலணிக்குச் சேறும் பூசியிருக்கிறார். அவன் ஆறு ஆண்டுகள் என் வீட்டுப் பசைக்குள் உறங்கியிருக்கிறான். ஒரே சமயத்தில் மகிழ்ச்சியும் ஆத்திரமும் வந்ததற்கு இதைவிடச் சரியான நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

மற்ற குறைகளை விரித்துச் சொல்ல மனமில்லை. மூல ஓவியங்கள் பல தொலைந்துபோனதால் அச்சான இதழ்களிலிருந்தே ஸ்கேன் செய்ய வேண்டிய கட்டாயம் பல தொடர்களுக்கு இருக்கிறது. ஆகவே நுண்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி மையாகத் திரள்வதை நான் மன்னிக்கிறேன். வண்ணத்தில் வந்த முதல் பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது எல்லாம் சாம்பல் குழம்பாகிவிடுவதை மன்னிக்க அதைவிடச் சற்று அதிகப் பொறுமை வேண்டும். வாரத் தொடர் என்பதால் மூன்று பக்கத்துக்கு ஒருமுறை முன்கதைச் சுருக்கம் வருவதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். ஒரே மூச்சில் படிப்பவர்களுக்குத்தான் அது தொல்லை. இரவு உணவுக்குப் பிறகு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால், நம் வார இதழ்த் தொடர்கதைகளுக்குக் காத்திருந்த அதே ஏக்கம் மறுநாள் பகல் முழுதும் கூடவே வருகிறது. மாயாவியை அப்படித்தான் இரண்டரை மாதம் படித்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றைச் சொல்லலாம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டி.சி. தாம்சன் நிறுவனம் 1961 முதல் இன்றுவரை வெளியிட்டுவரும் ‘கமாண்டோ’ போர்க்கதைப் புத்தகங்கள் உள்ளங்கை அகலம்தான், 68 பக்கம், நடுவில் கம்பி. பழைய கதைகளை அவர்களும் அவ்வப்போது மறுபதிப்பாகப் போடுகிறார்கள். காகிதம் சுமார், அட்டை மெலிது. ஆனால் பேருந்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பிடித்து நின்றபடி, கடைசி எழுத்துவரை படிக்க முடிகிறது. இருநூறு ஆண்டு தாங்கும் வழவழப்புத் தாளில் அச்சிட்டு ஆறாண்டு தாங்காத முதுகைப் போடுபவர்கள் இந்தச் சின்னப் புத்தகத்தை ஒருமுறை விரித்துப் பார்க்கலாம்.

நண்பரின் கேள்விக்கு என் பதில்: வாங்க வேண்டாம். மேலே நான் புகழ்ந்ததையெல்லாம் படித்துவிட்டு அவர் குழம்பினால் அதற்கு நான் பொறுப்பல்ல. ‘சார்லீஸ் வார்’ தொடரின் மெல்லிய கெட்டி அட்டைத் தொகுதிகள் பழைய புத்தகமாக எங்காவது அகப்பட்டால் அதை மட்டும் விடாமல் எடுத்துக்கொள்ளட்டும். மற்றவற்றை என்னிடமிருந்து இரவலாக வாங்கிப் படிக்கலாம். இன்னும் இரண்டு தடித்த தொகுதிகளைத் துணிப்பையில் போட்டு வாசல் அருகே வைத்திருக்கிறேன். அவற்றின் முதுகு இன்னும் உடையவில்லை, ஆனாலும் வரும் சனிக்கிழமை அண்ணாச்சி கடைக்குப் போகின்றன. அவை திரும்பி வந்ததும் நண்பர் எடுத்துக்கொண்டு போகலாம். திருப்பித் தரும்போது மேசையில் மல்லாத்திப் பார்த்த பிறகுதான் வாங்கிக்கொள்வேன்.