இரண்டு கார் இடத்தில் பன்னிரண்டு கார்: புதுச்சேரிக்கு எந்த அடுக்கு பார்க்கிங் ஒத்துவரும்?

மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். சனிக்கிழமையானால் சென்னை, பெங்களூரு கார்களெல்லாம் புஸ்ஸி வீதி, மிஷன் வீதி என்று இடம் தேடிச் சுற்றும். அடுக்கு பார்க்கிங் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். எந்த அடுக்கு என்று கேட்டால் பதில் வராது.

இருப்பதில் எளிமையானது ஸ்டேக்கர். தரையில் ஒரு கார், தலைக்கு மேல் தட்டில் இன்னொன்று. ஹைட்ராலிக்கில் ஏறி இறங்கும். விலை குறைவு, பழுதாவதற்கும் அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் கீழே நிற்கும் காரை எடுத்தால்தான் மேல் கார் இறங்கும். ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குச் சரி. மூன்றாவது மாடிக்காரரும் முதல் மாடிக்காரரும் பங்கு போட்டால் காலை எட்டு மணிக்குச் சண்டைதான். இந்தத் தொல்லை இல்லாமலிருக்க, தரையில் குழி தோண்டிக் கீழ்க்காரை அதற்குள் இறக்கும் வகையும் உண்டு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியதைப் பார்த்த ஊரில் அந்தக் குழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அடுத்தது பசில் பார்க்கிங். எண் கட்டைகளை நகர்த்தி விளையாடும் பலகையில் ஒரு கட்டம் காலியாக இருக்குமே, அதே கணக்கு. ஐந்து வரிசை, இரண்டு அடுக்கு என்றால் பத்து இடம். நிற்பது ஒன்பது கார். தரையில் ஓர் இடம் எப்போதும் காலி. மேலே மூன்றாவது வரிசையில் இருக்கும் காரைக் கேட்டால், கீழேயுள்ள தட்டுகள் பக்கவாட்டில் ஒவ்வோர் இடம் தள்ளி நின்று அதற்குக் கீழே வழிவிடும். பிறகு அது நேராக இறங்கும். கீழ்த்தட்டு நகர மட்டும் செய்யும், மேல்தட்டு இறங்க மட்டும் செய்யும். மூன்று அடுக்காக்கினால் நடுத்தட்டு இரண்டையும் செய்யும். அப்போது கீழே நான்கு, நடுவில் நான்கு, மேலே ஐந்து என்று 13 கார். யாரும் யாரையும் எழுப்ப வேண்டாம், தரைத்தட்டுக் கார்கள் இயந்திரம் ஓடாமலே கிளம்பிவிடும். ரெட்டியார்பாளையம், லாஸ்பேட்டை பக்கம் புதிதாக எழும் அடுக்குமாடிகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ரோட்டரி என்பது ராட்டினம் மாதிரி சுற்றுவது. இரண்டு கார் நிற்கும் தரையில் பன்னிரண்டு வரை தொங்கும். ஒரு மோட்டார், பெரிய சங்கிலி. எந்தப் பக்கம் சுற்றினால் சீக்கிரம் வருமோ அந்தப் பக்கம் சுற்றும். இடம் குறைந்த லாட்ஜுக்குப் பொருத்தம். ஆனால் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்தச் சங்கிலி உப்புக்காற்றில் நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கிரீஸும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் தவறினால், முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

டவர் வகையில் நடுவே லிஃப்ட், இருபுறமும் மாடிக்கு ஒரு கார். ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்கில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள் பிரபலம். 48 மீட்டர் உயரம், ஒவ்வொன்றிலும் 400 கார். படத்தைப் பார்த்து நாமும் கட்டலாம் என்று ஆசைப்படுகிறோம். அங்கே நிற்பவை வாங்கியவருக்குக் கொடுக்கக் காத்திருக்கும் புதுக் கார்கள். எல்லா உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் வந்து சாவி கேட்பதில்லை.

எத்தனை கார் நிற்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை நிமிடத்தில் காலியாகும் என்று யாரும் கேட்பதில்லை. காருக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால், ஒரே வாசல் கொண்ட 40 கார் டவர் காலியாக 80 நிமிடம் ஆகும். பன்னிரண்டு கார் ரோட்டரிக்கு 24 நிமிடம். ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் ஒன்றாக ஊர் திரும்பும்போது டவரில் கடைசி ஆள் குழந்தையை வைத்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டரும் மக்கர் செய்தால், சொல்லவே வேண்டாம். ஓட்டு வீடுகளும் மஞ்சள் சுவர்களும் உள்ள பிரெஞ்சுப் பகுதியில் அவ்வளவு உயரம் எழுப்புவது தனி வம்பு.

அதனால் சுற்றுலாக் கூட்டத்துக்குப் சரிவுப்பாதையில் காரை ஓட்டியே மேலேறும் பழைய மாடி பார்க்கிங்தான் நல்லது. காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் விழுங்கும். வெறுமனே நிறுத்த 12 சொச்சம் போதுமே என்று நிலக்காரர் வயிறு எரிவார். ஆனால் வரிசையாக எல்லோரும் ஒன்றாகக் கிளம்பலாம். நிலம் கிடைப்பது ஊருக்கு வெளியேதான், அங்கிருந்து சிறு பேருந்து விட வேண்டும்.

அடுக்குமாடிக்காரர்கள் ஒப்பந்தம் போடுமுன் டேப் எடுத்து உயரத்தை அளந்துவிடுங்கள். தட்டுக்கு மேல் 1,550 மி.மீ. இடைவெளி இருந்தால் ஸ்விஃப்ட் நுழையும். கிரெட்டா நுழையாது, இன்னோவா கிட்டவே வராது. அந்தச் சின்ன இடைவெளிக்கே இரண்டு தட்டுக்கு ஏறக்குறைய 11 அடி கூரை வேண்டும். பத்தடியில் ஸ்டில்ட் (கார் நிறுத்தத் தூண்கள் மேல் எழுப்பும் திறந்த தரைத்தளம்) கட்டி முடித்தபின் விற்பனையாளரைக் கூப்பிட்டுப் பயனில்லை.