நாலு வருஷம் பலூன் விட்டு கிராவிட்டி வேவ் பாத்த அனுபவம்

நாலு வருஷமா ஒரு சின்ன குழுவா ரேடியோசோண்ட் (காத்த அளந்து ரேடியோல அனுப்புற சின்னக் கருவி, சுருக்கமா சோண்ட்) கட்டின பலூன் விட்டுட்டு இருக்கோம், அறுபதுக்கு மேல போயிடுச்சு, எல்லாமே வளிமண்டல கிராவிட்டி வேவ் பாக்குறதுக்காக. இதுல எறங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு எது உதவுச்சு எது காலை வாரிச்சுன்னு எழுதறேன்.

முதல்ல ஒரு குழப்பம். தமிழ்ல ரெண்டு விஷயத்தையுமே ஈர்ப்பு அலைன்னு எழுதிடறாங்க. 2015 செப்டம்பர்ல அமெரிக்காவோட லைகோ ஆய்வகம் புடிச்சது கருந்துளைங்க மோதி வந்தது, அது வேற. இது காத்துக்குள்ள வர்ற அலை. மலை மேல மோதுற காத்தோ, இடிமேகமோ, ஜெட் ஸ்ட்ரீமோ (உயரத்துல வேகமா ஓடுற காத்து) ஒரு காத்துப் பொதிய மேல தள்ளி விட்டா அது குளுந்து சுத்தி இருக்குற காத்த விட கனமாகிடும், கீழ எறங்கும், எறங்குற வேகத்துல தன்னோட எடத்த தாண்டிப் போயி மறுபடி மேல வரும். இப்படி ஊசலாட ஸ்ட்ராட்டோஸ்ஃபியர்ல (வளிமண்டலத்தோட ரெண்டாவது அடுக்கு) ஒரு சுத்துக்கு குறைஞ்சது 5 நிமிஷம் ஆகும், கீழ நாம இருக்குற ட்ரோபோஸ்ஃபியர்ல 10 நிமிஷம் மாதிரி. இந்த அலைங்க மேல போயி உடையறப்போ சுமந்துட்டு வந்த உந்தத்த அங்க எறக்கிடுது. துருவப் பக்கம் 85, 90 கி.மீ. உயரத்துல குளிர்காலத்த விட கோடைலதான் குளிர் அதிகம், அதுக்குக் காரணமே இந்த அலைங்கதான். இத படிச்ச அன்னிக்குதான் நான் இதுக்குள்ள வந்தேன்.

சாமான் பத்தி. நாங்க வைச்சிருக்குறது வைசாலா கம்பெனியோட ஆர்எஸ்41 சோண்ட், 100 கிராம் சுமாருக்கு இருக்கும், ஒவ்வொரு செகண்டும் வெப்பநிலை, ஈரப்பதம், ஜிபிஎஸ் எடம் அனுப்பும், பலூன் எப்படி நகருதுங்கிறத வச்சு காத்த கணக்கு போட்டுக்கலாம். செகண்டுக்கு 5 மீட்டர் ஏறுறதால 5 மீட்டருக்கு ஒரு அளவு கிடைக்குது, இவ்ளோ நுணுக்கமா செயற்கைக்கோள் தராது. 30 கி.மீ. போக நூறு நிமிஷம், அங்க காத்தழுத்தம் தரையில இருக்குறதுல நூத்துல ஒரு பங்கு சுமார்தான், பலூனோட விட்டம் நாலு மடங்கு ஆகி வெடிக்கும். வெடிக்கணும்னு சொல்லணும், ஏன்னா ஒரு தடவ வாங்குன ஒரு லாட் பலூன் முழுக்க 18, 19 கி.மீ.லயே போயிடுச்சு, ரப்பர் பழசு. ட்ரோபோபாஸுக்கு (அந்த ரெண்டு அடுக்குக்கும் நடு எல்லை) மேல 2 கி.மீ. டேட்டா கூட சரியா கிடைக்கல, அத வச்சு அலைய பிரிக்கவே முடியாது, அந்த சீசனே வீணாச்சு. தேதி பாத்து வாங்குங்க, வெயில் படாம வைங்க.

நாங்க செஞ்ச பெரிய தப்பு நூல் விஷயம். ஆரம்பத்துல பலூனுக்கும் சோண்டுக்கும் நடுவுல 10 மீட்டர் நூல்தான் கட்டினோம், பகல்ல விட்ட பலூன்ல 20 கி.மீ.க்கு மேல வெப்பநிலை கோட்டுல ஊசி ஊசியா ஏத்தம், நாங்க அத அலைன்னே நம்பி கிராஃப் எல்லாம் போட்டு வைச்சோம். அப்புறம்தான் புரிஞ்சுது, வெயில்ல சூடான பலூன் விட்டுட்டுப் போற காத்துத் தடத்துக்குள்ளயே சோண்ட் போயிட்டு வந்துட்டு இருந்திருக்கு. இப்போ 30 மீட்டர். அதுலயும் சோண்ட் பெண்டுலம் மாதிரி ஆடும், ஒரு ஆட்டத்துக்கு 11 செகண்ட், அதாவது உயரத்துல 55 மீட்டருக்கு ஒரு பொய் அலை, அத காத்து டேட்டால இருந்து வடிகட்டியே ஆகணும்.

டேட்டா வந்தப்புறம் பண்றது சிம்பிள்தான், உயரத்தோட மெதுவா மாறுற பின்னணிய ஒரு வளைகோடு பொருத்திக் கழிச்சுட்டா மிச்சம் நெளியறது அலை. ஸ்ட்ராட்டோஸ்ஃபியர் அடிப்பக்கம் பெரும்பாலும் 2, 3 கி.மீ.க்கு ஒரு முகடு தெரியும். எத்தனாவது படி (டிகிரி) வளைகோடு எடுக்கறோம்ங்கறதப் பொறுத்து விடை மாறும், அதனால ரெண்டு மூணு போட்டுப் பாக்காம நம்பாதீங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது ஹோடோகிராஃப். கிழக்கு மேற்கு காத்த ஒரு அச்சுலயும் வடக்கு தெற்க இன்னொரு அச்சுலயும் வைச்சு, உயரம் ஏற ஏற புள்ளி வைச்சுட்டே போனா நீள்வட்டம் ஒண்ணு உருவாகும். வடக்கு அரைக்கோளத்துல அது கடிகாரத் திசைல சுத்துனா ஆற்றல் மேல போகுதுன்னு அர்த்தம், தெற்குல எதிர்த் திசை. பெரிய அச்சு சின்ன அச்சோட விகிதத்த வச்சே அலையோட அதிர்வெண் வரும். உதாரணத்துக்கு 45 டிகிரி அட்சரேகைல விகிதம் 2, செங்குத்து அலைநீளம் 2 கி.மீ.ன்னு வந்தா, அலைக்கு எட்டரை மணி நேரம் ஒரு சுத்து, கிடைமட்ட அலைநீளம் சுமார் 220 கி.மீ. ஒரே ஒரு பலூன், அதுவும் ஒரு நூல் மாதிரி ஏறிப் போனது, அது இருநூறு கி.மீ. அகல அலைய சொல்லுதுங்கறது இன்னிக்கும் எனக்கு சிலிர்க்குது. ஆனா இங்கதான் ஜாக்கிரதை. ரெண்டு அலை ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருந்தாலும் நீள்வட்டம் மாதிரியே ஏதோ ஒண்ணு வந்துடும், பூமத்திய ரேகைகிட்ட நீள்வட்டம் நசுங்கி வெறும் கோடாயிடும். பலூனும் நேரா போறதில்ல, காத்தோட நூறு கி.மீ. கூட தள்ளிப் போயிடும்.

அதனால என் முடிவு, இருக்குற ஹீலியத்த பெரிய பெரிய பலூனுக்கு செலவழிக்காம அடுத்தடுத்து பல பலூனா விடுங்க. மூணாவது வருஷம் ஒரு நாள் சாயங்காலம் ஆரம்பிச்சு விடியற வரைக்கும் 3 மணி நேரத்துக்கு ஒண்ணா 5 பலூன் விட்டோம், வெயில் தொல்லையும் இல்ல. அஞ்சு பலூனோட வரைகோட்டையும் பக்கத்துல பக்கத்துல வைச்சா ஒரே முகடு ஒவ்வொரு தடவையும் 600, 700 மீட்டர் கீழ எறங்கி வந்துட்டே இருந்துச்சு. ஆற்றல் மேல போறப்போ முகடு கீழ எறங்கும்னு பாடத்துல படிச்சது கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு, அதுக்கு முன்னாடி விட்ட தனித்தனி பலூன் எல்லாம் சேந்தாலும் அந்த ஒரு ராத்திரிக்கு ஈடாகாது.

சூரிய கிரகணம் பாக்குறவங்களும் இதே வழிதான். நிலாவோட நிழல் ஓடுறப்போ கிராவிட்டி வேவ் கிளம்பும்னு 1970லயே கணிச்சிருந்தாங்க, 2019 ஜூலை 2 கிரகணத்தப்போ சிலில ரேடியோசோண்ட் விட்டு ஸ்ட்ராட்டோஸ்ஃபியர்ல அத கண்டுபிடிச்சதா எழுதினாங்க, அப்புறம் 2023, 2024 கிரகணத்துக்கு அமெரிக்கால மாணவர்கள் மணிக்கு ஒண்ணா விட்டாங்க.

விமானப் போக்குவரத்து அனுமதி மட்டும் முன்கூட்டியே வாங்கிடுங்க, அது இல்லாம ஒண்ணு கூட விடக் கூடாது.

எங்களுக்கு அடுத்தது ரெண்டு எடத்துல, 100 கி.மீ. தள்ளி, ஒரே நேரத்துல விட்டு அந்தக் கிடைமட்ட அலைநீளத்த கணக்குல இல்லாம நேரடியா அளக்கணும். ரெண்டாவது ரிசீவர் வந்தாச்சு, ஆன்டெனா கம்பம்தான் இன்னும் நடல.